ஊர்ப்பெயர்களும் காரணக் கதைகளும்

இங்கிலாந்து தேசத்து மதுச்சாலைகளின் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகைகளில் எழுத்தைக் காட்டிலும் ஓவியமே முதன்மை பெறும். செந்நிறச் சிங்கம், வெண்கலைமான், மணி, கலப்பை, கப்பல் எனப் பல வடிவங்கள் அவற்றில் தீட்டப்பட்டுள்ளன. எழுத்தறியாதார் பெருந்தொகையினராயிருந்த காலத்தில் வழிப்போக்கன் படத்தைக் கண்டே கடையை அறிந்தான். மது விற்போர் அடையாளப் பலகை நாட்டவேண்டுமென்று 1393 ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சேட் மன்னன் விதித்தான். அவனுடைய சின்னமாகிய வெண்கலைமான் இன்றும் பல கடைகளின் முகப்பில் நிற்கின்றது. மதுக்கடையைப் பற்றிய பேச்சு ஓர் இந்துக் கல்லூரி மலருக்கு ஒவ்வாதென்று முகஞ்சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள்க. ஈண்டு வேண்டப்படுவது கடையன்று, பலகையே.

அப்பலகைகளைக் குறித்து ஆங்கிலேயர் கூறும் கதைகள் பலகைகளிலும் சுவையானவை. இலண்டன் மாநகரின் தென்பாகத்தில் ஒரு வட்டாரத்துக்கே பெயர் தந்தது ‘யானையும் கோட்டையும்’ என்னும் விடுதி. ‘இன்பான்டா டி காஸ்டில்லா’ என்ற இசுப்பானிய இளவரசிப் பட்டம் பாமரர் நாவிற் சிதைந்து ‘எலிபன்ற் அன்ட் காசில்’ ஆயிற்று என்பது கதை. ஆராய்ந்தோர் இதனை ஏற்பதில்லை. முதுகிற் கோட்டை சுமக்கும் யானை இலண்டன் கத்தி வினைஞர் சங்கத்தின் சின்னம். கத்திப் பிடிகளுக்கு யானைத் தந்தம் பயன்பட்டமையால் அச்சின்னம் வாய்த்தது. ‘வெள்ளாடும் கவராயமும்’ என்ற மற்றொரு பெயரோ, ‘கடவுள் எம்மைச் சூழ்ந்து காக்கின்றார்’ எனப் பொருள்படும் ஆங்கில வாசகம் திரிந்து வந்ததாம். அதற்கும் சான்றில்லை. ஆனால் ‘அரச ஓக்’ என்னும் பெயருக்குக் கூறப்படும் காரணம் மெய்யானது. 1651 இல் வூஸ்டர்ப் போரிலே தோற்றோடிய இரண்டாம் சாள்ஸ், ஓர் ஓக் மரத்தின் கிளைகளில் மறைந்திருந்து உயிர் தப்பினான். எனவே கதையென்ற அளவிலே ஒன்றைத் தள்ளுதலும் முறையன்று, கொள்ளுதலும் முறையன்று.

யாழ்ப்பாணத்துக் கள்ளுக்கடைக்குப் படமுமில்லை, தனிப்பெயருமில்லை. தவறணை என்னும் பொதுப்பெயர் ஒன்றே உண்டு. அதுவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ‘தவேர்ணா’ என்பதன் திரிபு. (தவறு, அணை எனப் பிரித்து அதற்கொரு நீதி கற்பிக்க வல்ல புலவர் இந்நாட்டில் இல்லாமற் போகார்.) ஆயினும் ஆங்கிலேயர் மதுச்சாலைக்குச் செய்ததனை யாழ்ப்பாணத்தார் தம் ஊர்களுக்குச் செய்தனர். பலகை தொங்கவேண்டிய இடத்திற் கதையைத் தொங்கவிட்டனர். கொக்குவிலுக்கு ஒரு பலகை எழுதுமாறு ஆங்கில ஓவியனொருவனைப் பணித்திருந்தால், அவன் ஒரு கொக்கையும் ஒரு வில்லையும் தீட்டிக் கூலி கேட்டிருப்பான். வில் என்பது நீர்நிலையைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதையும், உடுவில், இணுவில், மட்டுவில், மந்துவில், நுணாவில் என அதே ஈறு பெற்ற ஊர்கள் சுற்றிலும் கிடப்பதையும் அறிந்தவன் அவ்வாறு எழுதான். கொக்கு நீர்நிலையில் நிற்பது. அம்பெய்யும் வில்லோடு அதற்கு உறவில்லை. ஒரு பெயரைத் தனியே வைத்து நோக்கும்போது கதை பிறக்கின்றது. உடன்பிறந்த பெயர்களோடு சேர்த்து நோக்கும்போது அக்கதை நிலைகுலைகின்றது.

இத்தகைய கதைகளுக்குப் பெருங் களஞ்சியமாய் விளங்குவது மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை. 18 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒல்லாந்த அதிகாரியொருவரின் விருப்பத்திற்கிணங்க அந்நூல் எழுந்தது. கைலாயமாலை, வையாபாடல் முதலிய முன்னூல்களைப் புலவர் துணையாகக் கொண்டார். அந்நூலின் பயனை மறுத்தல் நன்றிகேடாகும். அஃதில்லையேல் நல்லூர் அரசரைப் பற்றிய மரபுச் செய்திகளுட் பல மறைந்தொழிந்திருக்கும். ஆயினும் ஊர்ப்பெயரைக் கண்டவிடமெல்லாம் புலவர் வரலாற்றாசிரியர் கோலத்தைக் களைந்து ஓவியன் தூரிகையை எடுத்துக்கொள்கின்றார்.

மாவிட்டபுரம் அதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லி குதிரை முகத்தோடு பிறந்தாள். கீரிமலைத் தீர்த்தத்திற் படிந்து அம்முகம் நீங்கப்பெற்றாள். மா விட்ட இடமாதலின் மாவிட்டபுரமாயிற்று என்பது கதை. கேட்பதற்கு இனிது. ஆனால் குதிரை முகம் விட்ட இடம், கதையின்படியே, கீரிமலைக் கேணியன்றோ? மாவிட்டபுரமோ அங்கிருந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் உள்ளது. நோய் தீர்ந்த இடம் ஒன்றாகவும் நோய் தீர்ந்த பெயர் பெற்ற இடம் மற்றொன்றாகவும் இருப்பதேன் என்பதைக் கதை விளக்குவதில்லை. கீரிமலையின் பெயருக்கும் அதே அச்சில் வார்த்த மற்றொரு கதை உண்டு. கீரிமுகம் பெற்ற நகுல முனிவர் அத்தீர்த்தத்தினால் அம்முகம் நீங்கப்பெற்றார் என்பது அது. ஒரே கேணியில் இரு விலங்கு முகங்கள் கழிந்தன! நகுலம் என்பது கீரியின் வடமொழிப் பெயர். முனிவர் பெயரும் நகுலேசுவரம் என்னும் தலப்பெயரும் ஊர்ப்பெயரின் மொழிபெயர்ப்பாகவே தோன்றுகின்றன. தமிழ்ப் பெயரை வடமொழியில் எழுதிய அளவில் அதற்கொரு புராணம் முளைத்தது. இது தலத்தின் பழைமையையோ பெருமையையோ குறைப்பதன்று. தலம் பழையது, கதை பெயருக்குப் பின்னையது என்பதே கருத்து.

யாழ்ப்பாணம் என்ற பெயரில் வழக்கு இன்னும் சிக்கலானது. சோழநாட்டிலிருந்து வந்த கண்ணிழந்த யாழ்பாடியொருவன் அரசனைப் பாடி மகிழ்வித்து மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான் என்று மரபு கூறும். மற்றொரு சாரார் இதனை முற்றாகத் தள்ளி, யாப்பாபட்டுன என்னும் சிங்கள வடிவமே மூலமென்றும், நல்ல என்று பொருள்படும் ‘யஹபத்’ அதன் முதலுறுப்பென்றும், நல்லூர் அதன் தமிழாக்கமென்றும் உரைப்பர். இரு பக்கத்தையும் நிறுக்கவேண்டும். சிங்கள வடிவம் 15 ஆம் நூற்றாண்டிற் செய்யப்பட்ட கோகில சந்தேசத்தில் வருகின்றது. அதே நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் திருப்புகழில் யாழ்ப்பாணாயன்பட்டினம் என்னும் தமிழ் வடிவம் வருகின்றது. ஆண்டுக் கணக்கினால் ஒன்றை மற்றொன்றுக்குத் தாயெனக் கூற இயலாது. ஆனால் ஒலி ஒரு சான்று தருகின்றது. சிங்கள மொழியில் ழகரம் இல்லை. யாழ்ப்பாணம் அந்நாவில் யாப்பா ஆதல் இயல்பு. யாப்பாவிலிருந்து யாழ்ப்பாணாயன் வருவதற்கோ ழகரம் செருகப்படவேண்டும், பாணன் நுழையவேண்டும், ஆயன் என்ற ஈறும் எங்கிருந்தோ வந்து ஒட்டவேண்டும். குறைந்த துன்பத்தோடு செல்லும் வழியே நேர்வழி எனக் கொண்டால், பெயருள் ஒரு யாழ்ப்பாணன் இருக்கின்றான் என்பதே பொருத்தம். யாழ் மீட்டும் பாணர் குலம் தமிழகத்தில் நன்கறியப்பட்டது. திருநீலகண்ட யாழ்ப்பாணரைச் சைவ உலகம் அறியும். பெயரில் ஒரு பாணன் உளன் என்பதற்கு இதுவே போதும். அவன் கண்ணிழந்தவன் என்பதற்கும், அரசன் மணற்றிடரை ஈந்தான் என்பதற்கும் பெயர் சான்றாகாது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாராய்ச்சி புலவரின் கையிலிருந்து அதிகாரியின் கைக்குச் சென்றது. சிவில் சேவையைச் சேர்ந்த ஹோர்ஸ்பரோ என்பார் குடாநாட்டின் சிங்கள ஊர்ப்பெயர்களைக் குறித்து 1916 இல் எழுதினார். தெல்லிப்பழை எஸ். டபிள்யூ. குமாரசுவாமி 1918 இல் வட மாகாண இடப்பெயர்களின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். 1926 இல் முதலியார் இராசநாயகமும், 1928 இல் சுவாமி ஞானப்பிரகாசரும் தத்தம் வரலாற்று நூல்களில் இப்பொருளைத் தொட்டனர். இவர்களுக்கெல்லாம் பொதுவாய் நின்ற சான்றுகளுள் ஒன்று ‘நம்பொத்த’ என்னும் சிறு சிங்கள ஏடு. தமிழ்ப் பட்டினத்திலுள்ள பௌத்த தலங்களென அது கூறும் பட்டியலில் கதுருகொட, தெலிபொல, மல்லாகம, மினுவன்கொமு, புவங்குதிவயின, காரதிவயின என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. கந்தரோடை, தெல்லிப்பழை, மல்லாகம், வீமன்காமம், புங்குடுதீவு, காரைதீவு என இவற்றை அடையாளங் காணுதல் அரிதன்று. மினுவன்கொமு என்பது தமிழர் நாவில் வீமன்காமம் ஆனவுடன் பாரதத்து வீமனுக்கு யாழ்ப்பாணத்தில் ஓர் ஊர் வாய்த்துவிட்டது! இலண்டனில் இசுப்பானிய இளவரசி புகுந்த வழியும் இதுவே.

இவ்வொப்புமைகளைக் கண்டு கலங்கிய தமிழர் சிலர் ஒவ்வொரு பெயருக்கும் செந்தமிழ் வேர் தேடப் புகுந்தனர். அத்தேடலிற் பெரும்பகுதி வைபவமாலையின் ஓவியத் தொழிலை அகராதியின் துணையோடு தொடர்வதாகவே அமைந்தது. மறுபக்கத்தாரும் குறைந்தவரல்லர். ஒரு பெயர் இரு மொழிக்கும் இயையுமாயின், அதனைச் சிங்களமென்றே பதிந்துகொண்டு மேற்சென்றனர். சுன்னாகத்தை நோக்குக. சுண்ணாம்பு எனப் பொருள்படும் ‘ஹுணு’ என்னும் சிங்களச் சொல்லோடு ‘கம’ சேர்ந்து ‘ஹுணுகம’ ஆகி, அதுவே சுன்னாகமாயிற்றென்பர். சுண்ணக்கல் நிறைந்த நிலமாதலின் பொருள் பொருந்துகின்றது. ஆனால் ஹுணு, சுண்ணம் ஆகிய இரண்டும் சூர்ணம் என்னும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. தமிழ்ச் சுண்ணத்தினின்று சுன்னாகம் வர ஒரு தடையுமில்லை; ஹகரத்தைச் சகரமாக மாற்றும் வேலையும் மிச்சம்.

வலிகாமத்தின் நிலை வேறு. ‘வெலிகம’ என்றால் மணலூர். மாத்தறைப் பக்கத்திலும் அதே பெயருடைய பட்டினமொன்றுண்டு. ஆகவே இது சிங்கள வடிவமென்பதை மறுக்க முயல்வது வீண். ஆனால் செம்மண்ணும் சுண்ணக்கல்லுமாய்க் கிடக்கும் பெருநிலம் மணலூர் எனப் பெயர் பெறுவானேன்? 12 ஆம் நூற்றாண்டினதாகிய திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதற்கு விடை தருகின்றது. இரண்டாம் இராசாதிராசன் காலத்து அச்சாசனம், சோழநாட்டின்மீது படையெடுக்கும்பொருட்டுச் சிங்கள மன்னன் மரக்கலங்கள் கட்டிய துறைகளென ஊராத்துறை, மாதோட்டம் முதலியவற்றோடு வலிகாமத்தையும் சேர்த்துச் சொல்கின்றது. எனவே வலிகாமம் அன்று கடற்கரையிடம். மணல் அங்கே இருந்தது. துறையின் பெயர் பின்னர்ப் பரந்த பகுதிக்கு ஏறிற்று. காமம் என்னும் ஈற்றைக் கண்டு நாணுவோர், உழவுத் தொழிலுக்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் கமம் என்ற சொல்லையும் எண்ணிப்பார்க்கவேண்டும். கிராமம், கம, கமம், காமம் ஆகியன ஒரே கொடியின் காய்கள் போலும்.

மேற்குறித்த ஊராத்துறையே இவ்வாராய்ச்சிக்கு மிகச் செழிப்பான விளைநிலம். நயினாதீவிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனமொன்று உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்திறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்று அரசன் அதில் ஆணையிடுகின்றான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடையுமாயின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உரியவனுக்கும் சேரும். வாணிகச் சரக்கு மரக்கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்குச் சேரும். சிங்கள அரசனொருவன் தன் துறைமுகச் சட்டத்தைத் தமிழிலே கல்லில் வெட்டுவித்தான் என்பதை ஊர்ப்பெயர்ப் போராளிகள் இருசாராரும் ஒருமுறை நின்று படித்தல் நன்று. அத்துறை சிங்களத்தில் ஊராதொட்ட எனப்பட்டது. ஊரா என்றால் அம்மொழியில் பன்றி. பாளி நூல்களில் வரும் சூகரதித்த என்பதை அறிஞர் இத்துறையோடு இயைப்பர், சூகரமும் பன்றியே. கீரியை நகுலமாக்கிய கை தமிழ்ப் புலவனுடையது. ஊராவைச் சூகரமாக்கிய கை பௌத்த பிக்குவினுடையது. தொழில் ஒன்றே. பெயரைக் கற்றோர் மொழியில் எழுதும்போது அதற்கு ஒரு விலங்கின் உருவம் திடமாகப் பதிந்துவிடுகின்றது.

பின்னைத் தமிழர்க்குப் பன்றி மறந்துபோயிற்று. ஊராத்துறை என்ற சொல் பொருளற்று நின்றபோது அவர்கள் அதனை ஊர்காவற்றுறை ஆக்கினர். ஊரைக் காவல்செய்யும் துறையென்று பொருள் இனிது விளங்கிற்று. போர்த்துக்கேயர் வந்தனர். யானைகள் ஏற்றப்பட்ட துறையாதலின் அவர்கள் மொழியில் அது யானைக் ‘காயிஸ்’, அதாவது யானைத் துறை எனப்பட்டது. யானை உதிர்ந்தது, காயிஸ் எஞ்சி ஆங்கிலத்தில் கயிற்ஸ் ஆயிற்று. ஆக, ஒரே கரையில் பன்றியும் காவலும் யானையும் ஒன்றன்மேலொன்றாகப் படிந்து கிடக்கின்றன. இவற்றுள் எது மெய்ப்பெயர் என்று வினவுவது பயனற்றது. துறைக்கு வந்தவர் ஒவ்வொருவரும் தம் காதுக்கும் தேவைக்கும் இசைந்தவாறு அழைத்தனர்.

அதிகாரத்தால் இட்ட பெயர்கள் அவ்வாறு படிவதுமில்லை. ஒல்லாந்தர் நெடுந்தீவை டெல்வ்ற் என்றும், வேலணையை லெய்டன் என்றும், காரைதீவை அம்ஸ்டர்டாம் என்றும், புங்குடுதீவை மிடல்பேர்க் என்றும் படங்களில் எழுதினர். டெல்வ்ற் ஒன்றே ஆங்கில வழக்கில் நிலைத்தது. ஏனையவற்றுக்குக் கதை கட்ட எவரும் முன்வரவில்லை.

இவையெல்லாம் ஏட்டுப் பிணக்காய் மட்டும் இருந்தால் மலரின் சில பக்கங்களோடு ஒழிந்திருக்கும். ஆனால் கடந்த நூறாண்டுகளில் ஊர்ப்பெயர் காணி உறுதி போல வழக்காடப்பட்டு வருகின்றது. காமம் என்ற ஈறு கண்டவிடமெல்லாம் நிலம் எமதென்பார் ஒருபக்கம். ஒரு பெயரும் பிறமொழியதன்று என்பார் மறுபக்கம். இருவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். மொழியை மக்களென எண்ணுகின்றனர். தேம்ஸ் ஆற்றின் பெயர் ஆங்கிலேயர் வருமுன்னரே வழங்கியது. டார்பி, விற்பி என்னும் பட்டினப் பெயர்கள் டேனியர் இட்டவை. அதுபற்றி ஆங்கிலேயன் தன் வீட்டைக் காலிசெய்து எழுந்து போவதில்லை. மக்கள் பெயர்ந்து வராமலே மொழி மாறக்கூடும். புதுமொழி பேசத் தொடங்கியவர் பழைய பெயரை நாவில் வைத்திருக்கக்கூடும். இந்திரபாலா தம் இளமைக்கால முடிபுகளுட் பலவற்றைத் தாமே திருத்தி 2006 இல் தமிழில் வெளியிட்ட ‘இலங்கையில் தமிழர்’ என்னும் நூலில் இம்மொழிமாற்றத்தை வலியுறுத்தினார். தம் கூற்றைத் தாமே மறுபரிசீலனை செய்யும் அத்துணிவு இத்துறையில் அரிது.

மண்ணுக்குள் இருப்பது பெயருக்குள் இருப்பதினும் ஆழமானது. கந்தரோடையிற் சிறு தூபிகளைக் கண்டு 1917 ஐ அடுத்த ஆண்டுகளில் போல் பீரிஸ் எழுதியபோது, கதுருகொட என்ற பெயரே வழக்கைத் தீர்த்துவிட்டதெனச் சிலர் நினைத்தனர். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டை ஒத்த மட்பாண்டங்கள் கீழ்ப்படைகளில் வெளிப்பட்டன. ஆனைக்கோட்டையின் செய்தியும் அத்தகையதே. இலண்டன் விடுதியின் பெயரை அப்படியே மொழிபெயர்த்தாற்போன்ற அவ்வூரில், யானைகளை அடைத்துவைத்த இடமென்று பெயர்க்காரணம் கூறுவர். யானை வாணிகம் நடந்த நாடாதலின் அது பொருந்தாததன்று. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்த ஈமக்குழியில் ஒருவனுடைய எலும்புக்கூட்டோடு சிறு முத்திரையொன்று கிடைத்தது. அதிற் பிராமி எழுத்திற் பொறித்த பெயர் ‘கோவேத’ எனப் படிக்கப்பட்டது. அப்பெயரை எந்தக் கதையும் ஊகித்திருக்கவில்லை.

அங்ஙனமாயின் காரணக் கதைகளைக் குப்பையிலிடலாமோ? 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். மாவிட்டபுரத்தாரும் கீரிமலையாரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் வீட்டு வாயிலைக் காணாதிருந்தனர். நலன்புரி நிலையங்களிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊரென்றால் ஒரு பெயரும், அப்பெயரைச் சுற்றி மூத்தோர் சொன்ன குதிரைமுக இளவரசியின் கதையுமே. 2009 இன் பின்னர்க் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது எல்லைக் கற்களும் வேலிகளும் பல இடங்களில் இல்லை, பெயர் இருந்தது. ஊரின் தொடக்கத்துக்குச் சான்றாகாத கதை, ஊரின் தொடர்ச்சிக்குச் சான்றாய் நின்றது. வைபவமாலையைக் கண்டிக்கும் திறனாய்வாளன் இதனையும் கணக்கிற் சேர்த்தாக வேண்டும்.

தொடக்கத்தை அறிய விரும்புவோர்க்கு வேறொரு சுவடி வீட்டுப் பெட்டகத்திலேயே கிடக்கின்றது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒவ்வொன்றிலும் நிலத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளிலும் அத்தகைய பெயர்கள் பதியப்பட்டன. கலட்டி, புலம், வளவு, தரவை, பிட்டி, தாழ்வு என முடியும் அப்பெயர்களுக்கு எந்தப் புலவரும் கதை கட்டவில்லை. எந்த அரசும் அவற்றுக்காக வழக்காடவில்லை. கல்லிருந்த நிலம் கலட்டி, மேடாயிருந்தது பிட்டி, மழைநீர் தேங்கியது தாழ்வு. உறுதியிலுள்ள பரப்பையும் குழியையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பவர், அடுத்தமுறை விரிக்கும்போது அப்பெயரையும் வாசித்து, பக்கத்துக் காணிகளின் பெயர்களோடு ஒப்புநோக்கி ஒரு தாளில் எழுதிவைப்பாராக.